யாழ்ப்பாணத்து வீடுகளில் திரையரங்க ஒலி: தொடங்குவோருக்கான ஓர் ஆய்வு

வீட்டுத் திரையரங்க ஒலி என்பது படத்தின் பேச்சு, இசை, பின்னணி ஓசை ஆகியவற்றை ஒரே பெட்டியிலிருந்து கொட்டாமல், அறையைச் சுற்றி வைத்த பல ஸ்பீக்கர்களுக்குப் பிரித்து அனுப்பும் ஏற்பாடு. இதன் அடிப்படை வடிவம் 5.1 எனப்படுகிறது. ரீவியின் இடப்புறமும் வலப்புறமும் ஒவ்வொன்று, நடுவில் ஒன்று, கேட்பவரின் பக்கவாட்டில் சற்றுப் பின்தள்ளி இரண்டு என ஐந்து ஸ்பீக்கர்கள். இவற்றோடு அடித்தொனிக்கென்று ஒரு சப்வூஃபர். புள்ளிக்குப் பின்னால் வரும் 1 அடித்தொனிக்கான தனித்தடத்தைக் குறிக்கும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் இந்தத் தொகுதியை வாங்குவோர் பெரும்பாலும் பெட்டியின் பெயரையும் அதில் அச்சிட்ட வோட் எண்ணையும் பார்த்தே தெரிவு செய்கின்றனர். ஆனால் இங்குள்ள வீடுகளில் ஒலியின் தரத்தை முதலில் தீர்மானிப்பது அறை, அடுத்தது மின்சாரம், அதன் பிறகே பெட்டி. பிற நாட்டு வழிகாட்டிகள் கம்பளம் விரித்த, மரச்சட்டச் சுவர் கொண்ட, யன்னல் அடைத்த அறையை மனதில் வைத்து எழுதப்பட்டவை. சீமெந்துக் கல்லால் கட்டி, மாபிள் பதித்து, காற்றுக்காக யன்னலைத் திறந்து வைத்திருக்கும் ஹோலுக்கு அவை அப்படியே பொருந்துவதில்லை.

குடாநாட்டின் கேள்வி அனுபவம் நீண்ட காலம் ஒற்றைத் தடத்திலேயே இருந்தது. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை, திருவிழாக்களில் மரத்தில் கட்டிய ஒலிபெருக்கி, 1982 இல் தொடங்கிய ரூபவாஹினி, உயர்ந்த அன்ரனாக் கம்பம் நட்டுப் பிடித்த தூர்தர்ஷன் எல்லாம் அப்படி வந்தவை. 1990களில் மின்சாரம் இல்லாத ஆண்டுகளில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். ஜெனரேற்றரும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்து இரவிரவாகப் படம் பார்த்தார்கள். அதே காலத்தில் தமிழ்ப் படங்களின் ஒலி மாறத் தொடங்கியிருந்தது. 1995 இல் வந்த குருதிப்புனல் டொல்பி ஒலியமைப்பை முதலில் கையாண்ட இந்தியப் படங்களுள் ஒன்று. 2012 இல் சிவாஜி படத்தின் முப்பரிமாணப் பதிப்பு, தலைக்கு மேலிருந்தும் ஒலி தரும் டொல்பி அட்மோஸில் வெளியானது. 2013 இல் விஸ்வரூபம் அதைப் போன்ற ஒரோ 3டி முறையில் வந்தது. ஆகவே இன்று ஒரு வீட்டில் பார்க்கப்படும் படங்களில் 1960களின் ஒற்றைத் தட ஒலியும் உண்டு, தலைக்கு மேலே ஹெலிகொப்டர் சுற்றும் ஒலியும் உண்டு. தொகுதி இரண்டையும் தாங்க வேண்டும்.

அறையைப் பற்றிய அறிவுக்கு அடித்தளம் இட்டவர் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தின் வாலஸ் சபைன். 1895 இல் அங்கு ஒரு விரிவுரை மண்டபத்தில் பேச்சு விளங்காமல் போனபோது, அதைச் சீர்செய்யும் பணி அவரிடம் வந்தது. வேறொரு அரங்கின் இருக்கை மெத்தைகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து அடுக்கி, ஒலி அடங்க எடுக்கும் நேரத்தை அளந்து, அதிலிருந்து ஒரு சூத்திரத்தைக் கண்டார். அறையின் கொள்ளளவைக் கன மீற்றரில் எடுத்து 0.161 ஆல் பெருக்கி, அறையில் உள்ள மொத்த உறிஞ்சும் பரப்பால் வகுத்தால், ஒலி 60 டெசிபல் தேய எடுக்கும் விநாடிகள் கிடைக்கும். உறிஞ்சும் பரப்புக்கு அவர் கொண்ட அளவுகோல் திறந்த யன்னல். ஒரு சதுர மீற்றர் திறந்த யன்னலில் பட்ட ஒலி திரும்பி வராது. அது முழு உறிஞ்சி.

இந்தக் கணக்கை ஒரு சாதாரண யாழ்ப்பாணத்து ஹோலுக்குப் போட்டுப் பார்க்கலாம். 15 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரம் கொண்ட அறையின் கொள்ளளவு ஏறத்தாழ 51 கன மீற்றர். நிலம், சுவர், தட்டு எல்லாம் சேர்ந்த பரப்பு 84 சதுர மீற்றர் அளவு. சாந்து பூசிய சுவரும் மாபிள் நிலமும் தம்மேல் படும் ஒலியில் நூற்றில் இரண்டு பங்கைத்தான் விழுங்குகின்றன. வெறுமையான அறையை அடைத்து வைத்தால் ஒலி அடங்க ஏறத்தாழ 5 விநாடி எடுக்கும்; கைதட்டினால் கோயில் மண்டபம் போல முழங்கும். 4 அடிச் சதுரமான இரண்டு யன்னல்களைத் திறந்தால் அது 2 விநாடிக்குக் கீழே இறங்கிவிடும். படத்தின் வசனம் தெளிவாகக் கேட்க வேண்டுமானால் 0.3 முதல் 0.5 விநாடி வரையிலான அளவே ஏற்றது. அதற்கு இந்த அறையில் ஏறத்தாழ 20 சதுர மீற்றர் உறிஞ்சும் பரப்புத் தேவை. சிறிய அறைகளில் சபைனின் சூத்திரம் துல்லியமாகப் பொருந்துவதில்லை. ஆனாலும் எந்தத் திசையில் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதை அது பிழையின்றிக் காட்டும்.

அந்த 20 சதுர மீற்றரைச் சேர்ப்பது பணக்காரருக்கு மட்டும் உரிய வேலை அல்ல. துணி போர்த்திய சோபாத் தொகுதி ஏறத்தாழ 3 சதுர மீற்றர் தரும்; மரக் கதிரைகளும் பிளாஸ்டிக் கதிரைகளும் எதுவும் தருவதில்லை. நான்கு பேர் அமர்ந்தால் இன்னும் ஒன்றரை. கனத்த திரைச்சீலையை யன்னல் அகலத்தைப்போல் இரு மடங்கு துணியில் மடிப்பு விழத் தைத்து, பக்கச் சுவரையும் மூடும்படி தொங்கவிட்டால் இரண்டு முதல் மூன்று வரை கிடைக்கும். ஸ்பீக்கருக்கும் இருக்கைக்கும் இடைப்பட்ட நிலத்தில் தடித்த கம்பளம் வேண்டும். பனையோலைப் பாய் அழகானது, குளிர்ச்சியானது. ஆனால் மெல்லியது என்பதால் ஒலியை அதிகம் விழுங்காது. பாயின் கீழே தடித்த விரிப்பு ஒன்றை இட்டால் இரண்டும் சேர்ந்து பயன்படும். இவை எல்லாம் அறையை முக்கால் விநாடி வரை கொண்டுவந்துவிடும். மீதிக்குத் தென்னந்தும்பு கைகொடுக்கும். மூன்று நான்கு அங்குலத் தடிப்பில் தும்பு மெத்தைத் துண்டுகளை மரச்சட்டத்தில் பொருத்தி, காற்றுப் புகும் பருத்தித் துணியால் மூடி, சுவரிலிருந்து இரண்டு அங்குலம் விலக்கி மாட்டினால் நடுத்தொனியையும் மேல்தொனியையும் நன்றாக உறிஞ்சும். முட்டைத் தட்டுகளைச் சுவரில் ஒட்டும் பழக்கம் பல இடங்களில் உண்டு. மெல்லிய காகிதக் கூழான அவற்றால் ஒலியளவில் குறிப்பிடத்தக்க பயன் இல்லை. தூசும் கரப்பானும்தான் மிச்சம்.

எல்லா இடத்திலும் மெத்தை ஒட்டுவதும் தவறு. ஸ்பீக்கரிலிருந்து கிளம்பிய ஒலி பக்கச் சுவரில் முதலில் தெறிக்கும் இடமே முக்கியமானது. கேட்பவர் தன் இருக்கையில் இருக்க, மற்றொருவர் முகக்கண்ணாடி ஒன்றைச் சுவரோடு நகர்த்திச் செல்ல வேண்டும். எந்த இடத்தில் கண்ணாடிக்குள் ஸ்பீக்கர் தெரிகிறதோ, அந்த இடத்தில் முதல் தும்புப் பலகை மாட்டப்பட வேண்டும். பின்சுவரில் புத்தக அலுமாரி இருந்தால் அதுவே போதும். மேடு பள்ளமான புத்தக வரிசை ஒலியைச் சிதறடிக்கும்.

வீட்டின் வகையும் கணக்கில் வரும். நாற்சார் வீட்டின் முற்றத்தை நோக்கித் திறந்த விறாந்தையில் முழக்கம் குறைவு. ஆனால் அடித்தொனி வெளியே ஓடிவிடும். ஓட்டு வீட்டில் சீலிங் இல்லாவிட்டால் ஓட்டிடுக்குகள் வழியே ஒலி கசியும். மாரி மழையில் படம் பார்ப்பதே கடினம். அஸ்பெஸ்டஸ் சீற் அடித்த சீலிங் சப்வூஃபரின் அதிர்வில் கிடுகிடுக்கும். அத்தகைய சீற்றை ஸ்பீக்கர் பொருத்துவதற்காகத் துளைக்கவோ அறுக்கவோ கூடாது; அதன் நார்த்தூசு நுரையீரலுக்கு நஞ்சு. கொங்கிரீற் தட்டுப் போட்ட புதிய வீடுகளில் இந்தச் சிக்கல் இல்லை, முழக்கம்தான் உச்சம். தெரிவு இருக்குமானால் சரிசதுர அறையைத் தவிர்ப்பது நல்லது. அறையின் நீளத்துக்கும் அகலத்துக்கும் ஏற்பச் சில அதிர்வெண்கள் அங்கே நின்று வீங்கும். மேலே சொன்ன 15 அடி நீளத்துக்கு அது ஏறத்தாழ 38 ஹேர்ட்ஸ், 12 அடி அகலத்துக்கு 48 ஹேர்ட்ஸ். இரண்டும் வேறு வேறாக இருப்பதால் தாங்கிக்கொள்ளலாம். 12 அடிக்கு 12 அடி அறையில் இரண்டும் 48 இலேயே ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்து, ஒவ்வொரு பறையடியும் ஒரே தொனியில் உறுமும்.

ஸ்பீக்கர்களை வைக்கும் முறை அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரையில் தெளிவாக வரையறுக்கப்பட்டுள்ளது. கேட்பவரை மையமாகக் கொண்டு, முன் இடமும் வலமும் நடுக்கோட்டிலிருந்து 30 பாகை விலகி இருக்க வேண்டும். அதாவது இரண்டு ஸ்பீக்கரும் கேட்பவரும் சமபக்க முக்கோணமாக அமைவர். சுற்றொலி ஸ்பீக்கர்கள் 100 முதல் 120 பாகைக்குள், காதுக்குச் சற்றுப் பின்னால், காதைவிடச் சற்று உயர்த்தி. இங்கு அடிக்கடி காணப்படும் பிழைகள் இரண்டு. ஐந்து ஸ்பீக்கரையும் ரீவி மேசையிலேயே வரிசையாக அடுக்குவது ஒன்று. நான்கு மூலைகளிலும் சீலிங்கை ஒட்டி ஆணியில் தொங்கவிடுவது மற்றது. முதலாவதில் சுற்றொலி இல்லை. இரண்டாவதில் வசனம் கதாபாத்திரத்தின் வாயிலிருந்து வராமல் வளைமரத்திலிருந்து வரும். சோபாவைப் பின்சுவரோடு ஒட்டிப் போடுவதும் கூடாது. சுவரோரம் அடித்தொனி வீங்கும் இடம். இரண்டு அடியாவது முன்னே இழுத்தால் வேறுபாடு உடனே புலப்படும்.

ஐந்து ஸ்பீக்கர்களுள் பெரும்பாலான சுமையைச் சுமப்பது நடு ஸ்பீக்கர். பேச்சு ஏறக்குறைய முழுவதும் அதன் வழியே வருகிறது. பாட்டும் சண்டையும் காதைக் கிழிக்கின்றன, கதைப்பது விளங்கவில்லை என்ற முறைப்பாடு எல்லா வீடுகளிலும் உண்டு. அதற்கு முழக்கமான அறை ஒரு காரணம், மலிவுத் தொகுதியோடு வரும் கைப்பிடியளவு நடு ஸ்பீக்கர் மற்றொரு காரணம், தலைக்கு மேலே சுழலும் மின்விசிறி மூன்றாவது. நடு ஸ்பீக்கர் முன் இடவல ஸ்பீக்கர்களின் அதே வகையைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். இல்லையென்றால் திரையைக் கடந்து செல்லும் ஒருவரின் குரல் நடுவில் வேறு குரலாக மாறும். பணத்தைப் பகிர்வதில் அரைவாசிக்கு மேல் இந்த முன்மூன்றுக்கும் போக வேண்டும். சுற்றொலி ஸ்பீக்கர்கள் சிறியவையாக இருந்தாலும் பாதகம் இல்லை. ஒரே விலையில் ஏழு மட்டமான ஸ்பீக்கர்களும் மூன்று நல்ல ஸ்பீக்கர்களும் கிடைக்குமானால், மூன்றை வாங்குவதே சரி.

வோட் கணக்கில் ஏமாறுவதுபோல் வேறெதிலும் ஏமாறுவதில்லை. பெட்டியில் பெரிய எழுத்தில் போடப்படும் பிஎம்பிஓ என்ற அளவுக்கு எந்தப் பொறியியல் வரையறையும் கிடையாது. அதே பெட்டியின் முதுகில் சுவரிலிருந்து அது இழுக்கும் மின்வலு அச்சிடப்பட்டிருக்கும். 60 வோட் இழுக்கும் கருவி ஆயிரக்கணக்கான வோட்டைத் தொடர்ந்து வெளியிட முடியாது. பார்க்க வேண்டியது ஆர்எம்எஸ் என்று குறிக்கப்படும் தொடர்வலு. அதிலும் எத்தனை ஓமில், எத்தனை தடங்களை ஒருசேர இயக்கும்போது என்பது முக்கியம். தேவையோ எதிர்பார்ப்பதைவிடக் குறைவு. 1 வோட்டுக்கு 1 மீற்றரில் 87 டெசிபல் தரும் ஸ்பீக்கரை 3 மீற்றர் தொலைவிலிருந்து கேட்டால் ஏறத்தாழ 77 டெசிபல் வரும். சாதாரணமாகப் படம் பார்க்க அதுவே போதும். வெடிச்சத்தம் போன்ற உச்சங்கள் 95 வரை எழ ஏறத்தாழ 55 வோட் வேண்டும். வலுவை இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. இரு மடங்கு சத்தமாகக் காதுக்குத் தோன்றப் பத்து மடங்கு வலு வேண்டும். ஆகவே 50 வோட்டுக்கும் 70 வோட்டுக்கும் இடையே மேலதிகப் பணம் கொடுப்பதில் பொருள் இல்லை. வயரும் அப்படித்தான். 1.5 சதுர மில்லிமீற்றர் தடிப்புள்ள சுத்தமான செப்பு வயர், 10 மீற்றர் ஓட்டத்துக்கு 8 ஓம் ஸ்பீக்கருடன் தாராளமாகப் போதும். கவனிக்க வேண்டியது அது உண்மையில் செப்பா, செப்பு முலாம் பூசிய அலுமினியமா என்பதே. ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் சிவப்பு, கறுப்பு முனைகள் மாறாமல் இணைக்கப்பட வேண்டும். ஒன்றில் மாறினாலும் நடுவில் நிற்க வேண்டிய ஒலி சிதறி, அடித்தொனி வெளிறிவிடும்.

மின்சாரம் யாழ்ப்பாணத்துக்கே உரிய பகுதி. இலங்கையில் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். அனுமதிக்கப்பட்ட ஏற்ற இறக்கம் நூற்றுக்கு 6, அதாவது 216 முதல் 244 வரை. மின்மாற்றியிலிருந்து தொலைவில் உள்ள ஒழுங்கைகளின் கடைசி வீடுகளில் மாலை நேரத்தில் விளக்கு மங்குவதைக் கண்டால் அங்கு ஸ்ரெபிலைசர் தேவை. அதைவிடப் பெரிய ஆபத்து, புலம்பெயர்ந்த உறவினர் அன்போடு கொண்டுவரும் கருவிகள். கனடாவின் மின்சாரம் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். ரொறன்ரோவில் இயங்கிய அம்பிளிபயரை இங்குள்ள பிளக்கில் நேரே செருகினால் மின்னழுத்தம் ஏறத்தாழ இரட்டிப்பாகி, ஒரே கணத்தில் அது கருகிவிடலாம். கருவியின் முதுகில் 100 முதல் 240 வோல்ற் வரை என்று இருந்தால் அச்சமில்லை; பெரும்பாலான சவுண்ட்பார்களும் ரீவிகளும் அந்த வகை. 120 வோல்ற் என்று மட்டும் இருந்தால் ஸ்ரெப் டவுன் ட்ரான்ஸ்போமர் கட்டாயம். கருவியின் மின்வலுவைப் போல் இரு மடங்கு தாங்குவதாக அது இருக்க வேண்டும். அப்போதும் 60 ஹேர்ட்ஸுக்கு வடித்த உள் ட்ரான்ஸ்போமர் 50 இல் கூடுதலாகச் சுடும், காற்றோட்டம் அவசியம். வட அமெரிக்க ரிசீவரின், அதாவது ஒலித் தடங்களைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் அம்பிளிபயரின், பண்பலை வானொலி ஒற்றைத் தசமங்களில் மட்டும் தாவும் என்பதால் சில உள்ளூர் அலைவரிசைகளைப் பிடிக்கவே முடியாது. அங்கிருந்து வரும் டிவிடிகளும் ப்ளூரேக்களும் வேறு வலயக் குறியீட்டைச் சேர்ந்தவை. இங்கிலாந்து, பிரான்ஸ், ஜேர்மனி, சுவிஸ் கருவிகளில் மின்னழுத்தச் சிக்கல் இல்லை. பிளக் மட்டும் வேறாக இருக்கலாம். ஆனால் மலிவு அடப்ரர்கள் எர்த் முனையைத் துண்டித்துவிடுகின்றன. முனையையே மாற்றிக்கொள்வது நல்லது.

எர்த் சரியில்லாத வீட்டில் ஸ்பீக்கர் இடைவிடாது 50 ஹேர்ட்ஸில் இரையக்கூடும். கேபிள் ரீவி வயரைக் கழற்றியதும் இரைச்சல் நின்றால் காரணம் அந்த வயர் வழியே வரும் இன்னோர் எர்த்; அதில் மின்தொடர்பைத் துண்டிக்கும் ஐசொலேற்றர் ஒன்றைப் பொருத்தினால் தீரும். எர்த் முனையைக் கழற்றிவிட்டு இரைச்சலை நிறுத்துவது உயிரோடு விளையாடுவது. விசிறியின் இலத்திரனியல் ரெகுலேற்றர் அம்பிளிபயரில் கரகரப்பை உண்டாக்கும். இரண்டையும் ஒரே பிளக் பலகையில் இணைக்கக் கூடாது. 2022 இல் நாள் ஒன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நீண்டபோது பல வீடுகளில் பற்றரி இன்வேற்றர் வந்தது. அவற்றில் சைன் அலை அல்லாத மலிவு வகைகள் ஒலிக்கருவியை உறும வைக்கும். சித்திரை மாதத்திலும் ஐப்பசி கார்த்திகையிலும் இடி மின்னல் மிகும். மின்னல் நாளில் பிளக்கோடு அன்ரனா வயரையும் கழற்றி வைப்பதுதான் காப்பு. வோல்ற் ஏற்றத்தைத் தடுக்கும் பட்டைகள் நேரடி இடிக்குத் தாங்கா.

ரீவியையும் ரிசீவரையும் எச்டிஎம்ஐ வயரால் இணைப்பதே இன்றைய வழி. ரீவியில் ஆர்க் என்று குறித்த துளை இருந்தால் ஒலி அதன் வழியே ரிசீவருக்குத் திரும்பி வரும். 2009 முதல் உள்ள சாதாரண ஆர்க், இணையத் திரைப்படச் சேவைகள் அனுப்பும் சுற்றொலியைத் தாங்கும். 2017 இல் வரையறுக்கப்பட்ட ஈ-ஆர்க், ப்ளூரேயின் சுருக்கப்படாத ஒலியையும் தாங்கும். பழைய ஒளியிழை வயர் சாதாரண டொல்பி டிஜிற்றல் 5.1 வரைதான் கொண்டுபோகும். ரீவியின் ஒலி அமைப்பில் பிசிஎம் என்பதை மாற்றி ஓட்டோ அல்லது பிட்ஸ்ட்ரீம் என்று வைக்காவிட்டால், பல ரீவிகளிலிருந்து ஐந்து ஸ்பீக்கர் தொகுதிக்கும் இரண்டு தடமே வரும். இதை அறியாமல் ஆண்டுக்கணக்கில் இரு தட ஒலியைக் கேட்பவர்கள் ஏராளம். யூரியூப்பில் உள்ளவை பெரும்பாலும் இரு தடம். கை மாறி வரும் படப் பிரதிகள் பலவற்றில் ஒலி நசுக்கப்பட்டிருக்கும். நல்ல தொகுதி அந்தக் குறைகளை இன்னும் தெளிவாகக் காட்டும்.

பழைய படங்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். சிவாஜி கணேசன், எம்ஜிஆர் காலத்துப் படங்கள் ஒற்றைத் தடத்தில் பதிவானவை. அவற்றுக்கு ஹோல், ஸ்ரேடியம் போன்ற செயற்கை விளைவுகளைப் போட்டால் பாடகரின் குரல் கிணற்றுக்குள் போய்விடும். ரிசீவரை டொல்பி சறவுண்ட் நிலையில் வைத்தால் ஒற்றைத் தடம் நடு ஸ்பீக்கருக்கே போகும். திரையரங்கில் அந்நாளில் கேட்ட முறையும் அதுதான்.

சப்வூஃபர் தொடங்குவோரை அதிகம் மயக்குவது. 80 ஹேர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலி எங்கிருந்து வருகிறது என்று காது எளிதில் கண்டுபிடிக்காது; ஆகவே அதை எங்கும் வைக்கலாம் என்பது பாதி உண்மை. எங்கு வைத்தாலும் திசை தெரியாது, ஆனால் அளவு மாறும். மூலையில் வைத்தால் உரக்கவும் அடைத்தாற்போலவும் கேட்கும். சரியான இடத்தைக் காண எளிய வழி உண்டு. சப்வூஃபரைக் கேட்பவரின் இருக்கையில் தற்காலிகமாக வைத்து, ஒரே அடித்தொனிப் பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டு, அறையின் ஓரமாகக் குனிந்து நகர்ந்து கேட்க வேண்டும். எந்த இடத்தில் ஒவ்வொரு சுரமும் சமமாகக் கேட்கிறதோ அங்கே சப்வூஃபரைக் கொண்டுபோய் வைக்கலாம். 12 அடிக்கு 15 அடி அறைக்கு 10 அங்குல ஸ்பீக்கர் போதும். விறாந்தையோடும் சாப்பாட்டறையோடும் கதவின்றித் திறந்த ஹோலுக்கு 12 அங்குலம் வேண்டியிருக்கும். உள்ளூர்த் தச்சரிடமும் சவுண்ட் சேவிஸ்காரரிடமும் பெட்டி அடிப்பிக்கும் வழக்கம் நல்லதுதான். ஆனால் பெட்டியின் கொள்ளளவும் துளையின் நீளமும் அந்த ஸ்பீக்கரின் அளவைகளோடு பொருந்த வேண்டும். நெவில் தீலும் ரிச்சர்ட் ஸ்மோலும் அவுஸ்திரேலியாவில் 1960களிலும் 1970களிலும் வகுத்த அந்த அளவைகள் தரமான ஸ்பீக்கர்களின் தாளிலேயே அச்சிடப்பட்டிருக்கும். தாள் இல்லாத ஸ்பீக்கருக்கு, 18 மில்லிமீற்றர் பிளைவூட்டில் துளையில்லாத மூடிய பெட்டி அடிப்பதே பாதுகாப்பு.

எல்லாவற்றையும் பொருத்திய பின் ரிசீவரோடு வரும் மைக்கை இருக்கையில் காதின் உயரத்தில் நிறுத்தி, விசிறியை நிறுத்தி, யன்னல்களை வழமையாக இருக்கும் நிலையில் விட்டு, தன்னியக்கச் சீரமைப்பை ஓட வைக்க வேண்டும். பின்பு சரிபார்க்க வேண்டியவை இரண்டு: சிறிய ஸ்பீக்கர்கள் எல்லாம் 80 ஹேர்ட்ஸில் சப்வூஃபரிடம் கைமாறுகின்றனவா, பதிவான தூரங்கள் உண்மைக்குக் கிட்டவா என்பவை. இறுதித் தேர்வைக் காதிடமே விட வேண்டும். அதற்குக் குடாநாட்டிலேயே சிறந்த உரைகல் இருக்கிறது: அளவெட்டி என். கே. பத்மநாதனின் நாதசுரப் பதிவும் யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவிலும். நாதசுரம் வெளிவீதியில் வாசிக்கப் பிறந்த வாத்தியம். முழக்கமான அறையிலும் மேல்தொனி கூர்மையான ஸ்பீக்கரிலும் அது காதைக் குத்தும். தவிலில் கூடணிந்த விரல்கள் விழும் வலந்தலையும் கழி விழும் தொப்பியும் வேறு வேறாகப் பிரிந்து கேட்க வேண்டும். இரண்டும் ஒரே இரைச்சலாகக் கலந்தால் குறை பெரும்பாலும் அறையில், அல்லது உரக்க வைத்த சப்வூஃபரில். வெடிச்சத்தக் காட்சிகளை வைத்துக் கடையில் தெரிவு செய்வதைவிட, கேட்டுப் பழகிய இந்த ஓசைகளைக் கொண்டுபோய்ப் போட்டுக் கேட்பது எவ்வளவோ மேல்.

கருவிகளின் ஆயுளை இங்குள்ள காற்றும் உயிரினங்களும் குறைக்கின்றன. பருத்தித்துறை, வல்வெட்டித்துறை, காரைநகர் போன்ற கரையோரங்களில் உப்புக்காற்று இணைப்பு முனைகளைப் பச்சை பூக்கச் செய்யும். ஆண்டுக்கு ஒருமுறை கழற்றித் துடைக்க வேண்டும். சுன்னாகம், கோப்பாய்ப் பக்கச் செம்மண் தூசு அம்பிளிபயரின் காற்றுத் துளைகளை அடைக்கும். பல்லியும் எறும்பும் உள்ளே புகுந்து சுற்றுப்பலகையில் குறுக்கிணைப்பை ஏற்படுத்துவது பழுதுபார்ப்போர் அடிக்கடி காணும் காரணம். மெல்லிய உலோக வலை போடலாம், துணியால் மூடக் கூடாது. அமுக்கிய மரத்தூள் பலகைப் பெட்டிகள் மாரி ஈரத்தில் ஊதிவிடும், கறையானுக்கும் இலகு. நிலத்தில் நேரே வைக்காமல் இரும்புக் காலில் உயர்த்துவது பாதுகாப்பு. பழைய ஸ்பீக்கர் வாங்குவோர் கூம்பின் விளிம்பை விரலால் மெல்லத் தொட்டுப் பார்க்க வேண்டும். நுரை விளிம்பு இந்த வெக்கையில் சில ஆண்டுகளில் உதிர்ந்துவிடும், றப்பர் விளிம்பு நீடிக்கும்.

அயலவரின் உரிமையும் இதில் அடங்கும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி அனுமதி வழங்கக் கூடாது என்று இலங்கை உயர் நீதிமன்றம் 2007 இல் பணித்தது. அது பொது ஒலிபெருக்கிக்கு உரியது என்றாலும் அதன் நியாயம் வீட்டுக்கும் பொருந்தும். மதில் மேல்தொனியை ஓரளவு மறிக்கும். 40 ஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளமோ ஏறத்தாழ 29 அடி. அது மதிலையும் வேலியையும் பொருட்படுத்தாமல் பக்கத்து வளவில் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் மேசை வரை போகும். ரிசீவர்களில் இரவு நிலை என்றொரு தெரிவு உண்டு. அது உச்சங்களைத் தாழ்த்தி வசனத்தை உயர்த்தும். அதோடு சப்வூஃபரையும் 6 டெசிபல் குறைத்தால் நள்ளிரவிலும் படம் பார்க்கலாம்.

முழுத் தொகுதியையும் ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. ஐந்து தட ரிசீவர் ஒன்றும் நல்ல முன் ஸ்பீக்கர்கள் இரண்டும் முதற்கட்டம், அடுத்தது நடு ஸ்பீக்கர், பின்பு சப்வூஃபர், சுற்றொலி கடைசி. சிறிய அறையில் வாடகைக்கு இருப்போருக்குத் தனிச் சப்வூஃபர் உள்ள சவுண்ட்பார் தகுந்த தெரிவு. பெரும்பாலானவற்றைப் பின்னால் விரிவாக்க முடியாது என்பதை அறிந்தே வாங்க வேண்டும். அட்மோஸுக்காக மேல்நோக்கி ஒலியை எறிந்து தட்டில் தெறிக்க வைக்கும் ஸ்பீக்கர்கள், 8 முதல் 12 அடி உயரத்தில் சமதளமான கடினத் தட்டு உள்ள வீடுகளில் மட்டுமே வேலை செய்யும். கொங்கிரீற் தட்டு அதற்குப் பொருத்தம். சரிந்த ஓட்டுக் கூரையின் கீழ் அவற்றுக்குக் கொடுக்கும் பணத்தைத் தும்புப் பலகைகளுக்கும் திரைச்சீலைக்கும் மாற்றினால், ஏற்கெனவே இருக்கும் ஸ்பீக்கர்களே தெளிவாகப் பேசும்.